வற்றாத கடற்கரையில் என்ன படம் எடுப்பது?

கேள்வி: கணவரின் வேலைக்காக ஸ்வீடனில் கார்ல்ஸ்க்ரூனாவுக்கு வெளியே ஒரு கடலோரக் கிராமத்துக்கு வந்து இரண்டு வருடம் ஆகிறது. ஊரில் இருந்தபோது கோடியக்கரையில் பூநாரை, உள்ளான் எல்லாம் படம் எடுத்துப் பழகியவள் நான். இங்கே கடல் வற்றும் நேரம் பார்த்துப் போகலாம் என்றால், கடல் வற்றுவதே இல்லை. எந்நேரமும் சாம்பல் வானம், அதே காகம், அதே அன்னம். கையில் 300 மி.மீ. லென்ஸ் இருக்கிறது, தூரத்துப் பறவையை இன்னும் பெரிதாகக் காட்டும் 600 மி.மீ. லென்ஸ் வாங்கினால் நிலைமை மாறுமா? இன்னொன்று, கரைக்குப் போகும் வழி யாரோ ஒருவரின் காட்டுக்குள் போகிறது. யாராவது நிறுத்திக் கேட்டால் என்ன சொல்வது என்ற பயத்தில் பல நாள் பாதியிலேயே திரும்பிவிடுகிறேன்.
— வாசகி, கார்ல்ஸ்க்ரூனா

பதில்: லென்ஸ் வாங்க வேண்டாம். இப்போதைக்கு வேண்டாம். உங்கள் சிக்கல் லென்ஸில் இல்லை, கோடியக்கரையின் கால அட்டவணையை அப்படியே தூக்கிக்கொண்டு போய் பால்டிக் கடலில் விரித்துப் பார்க்கிறீர்கள், அதுதான் ஒத்துவரவில்லை.

முதலில் கடல். பால்டிக் கிட்டத்தட்ட நாலாபுறமும் அடைபட்ட கடல், அட்லாண்டிக்கின் ஏற்றவற்றம் டென்மார்க்கின் குறுகலான நீரிணைகளைத் தாண்டி உள்ளே வருவதற்குள் சில சென்டிமீட்டராகத் தேய்ந்துவிடும். ஆனால் தண்ணீர் ஏறி இறங்கத்தான் செய்கிறது, நிலவுக்குப் பதில் காற்றும் காற்றழுத்தமும் அதை ஆட்டுகின்றன. அழுத்தம் ஒரு ஹெக்டோபாஸ்கல் (காற்றழுத்தத்தை அளக்கும் அலகு) கூடினால் நீர்மட்டம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் குறையும் என்பது கணக்கு. காற்றில்லாமல் பல நாள் தெளிவாக இருக்கும் வசந்தகாலத்தில் போய்ப் பாருங்கள், குளிர்காலத்தில் முழுகிக் கிடந்த பாறையும் சேறும் பாசிப்படுகையும் வெளியே கிடக்கும், கரையில் இரைதேடும் பறவைகள் அங்கேதான் நிற்கும். அதனால் நீங்கள் பார்க்க வேண்டியது ஏற்றவற்ற அட்டவணை இல்லை, வானிலைச் செயலியில் காற்றின் திசையும் அழுத்தமும். பலமான காற்று அடிக்கும் நாளில் திறந்த கரைக்குப் போய் ஒன்றும் இல்லை என்று சலித்துக்கொள்ளாமல், காற்று மறையும் விரிகுடாப் பக்கம் போங்கள். பறவைகளும் மறைவைத் தேடி அங்கேதான் ஒதுங்கியிருக்கும்.

அடுத்து உப்பு. உங்கள் கரையில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் ஏழு கிராம் உப்புதான் இருக்கும், பெருங்கடலில் முப்பத்தைந்து. இதனால்தான் நம் ஊரில் ஏரியிலும் குளத்திலும் பார்க்கிற நாணல் அங்கே கடலுக்குள்ளேயே நிற்கிறது, நன்னீர் மீனும் கடல் மீனும் ஒரே விரிகுடாவில் நீந்துகின்றன. கொண்டை முக்குளிப்பான் அந்த நாணலில் கூடு கட்டும். ஏப்ரல் கடைசியில் காலை நேரத்தில் ஜோடி எதிரெதிரே மிதந்து, கொண்டையை விரித்து, தலையை ஆட்டி ஆட்டி ஆடும் ஆட்டம் இருக்கிறதே, அதற்கு 600 மி.மீ. தேவையே இல்லை, தண்ணீர் மட்டத்துக்குக் கேமராவை இறக்கி அசையாமல் உட்காரும் பொறுமை போதும். கையில் இருக்கும் 300 தாராளம். நிஜமாகவே ஒரு நாள் எட்டவில்லை என்றால் ஒரு வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்துப் பாருங்கள், பெரும்பாலானவர்களுக்கு அந்த எடையைத் தூக்கிக்கொண்டு வழுக்குப் பாறையில் நடந்ததுமே ஆசை தீர்ந்துவிடும்.

"அதே காகம்" என்கிறீர்கள். அதே இல்லை. நம் ஊர்க் காகத்துக்குக் கழுத்து மட்டும்தான் சாம்பல். அங்கே இருப்பதற்கு உடம்பே சாம்பல், தலையும் சிறகும் வாலும் கறுப்பு, ஆளும் பெரிது. இரண்டு வருடம் பார்த்தும் இது கண்ணில் படவில்லை என்றால் (கோபித்துக்கொள்ளாதீர்கள்) நீங்கள் காகத்தைப் பார்க்கவே இல்லை, பூநாரை இல்லாத இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறீர்கள்.

சாம்பல் வானத்துக்கு வருகிறேன், இதில்தான் உங்களுக்கு அதிர்ஷ்டம். கோடியக்கரையில் மார்கழி நண்பகலிலேயே சூரியன் ஐம்பத்தாறு டிகிரி உயரத்துக்கு ஏறிவிடும், அதனால் காலையில் கொஞ்ச நேரம் எடுத்ததுதான் படம். கார்ல்ஸ்க்ரூனாவில் ஜூன் மாத உச்சி வெயிலே ஐம்பத்தேழு டிகிரிதான். டிசம்பர் கடைசியில் நண்பகலில்கூட சுமார் பத்து டிகிரிதான். அதாவது குளிர்காலத்தில் மேகம் விலகினால் இருக்கிற ஏழு மணி நேரப் பகலும் சாய்ந்த வெளிச்சம்தான், மத்தியானம் சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பலாம். ஜூனில் கதை தலைகீழ். நாலேகால் வாக்கில் விடிந்துவிடும், அன்றைக்குத் தூக்கத்தை மறந்துவிடுங்கள். மேகம் விலகாவிட்டால் என்ன செய்வது? அன்னத்தை எடுங்கள். வெயிலில் வெள்ளைச் சிறகு வெளிறிப்போய் விவரமே தெரியாது, மேகமூட்டத்தில் ஒவ்வொரு இறகும் தெரியும். இருண்ட தண்ணீரில் வெள்ளைப் பறவை என்றால் எக்ஸ்போஷரை, அதாவது கேமரா பதிவுசெய்யும் வெளிச்சத்தின் அளவை, முக்கால் ஸ்டாப் குறையுங்கள் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரட்டிப்பு அல்லது பாதி), வெளிறிய வானத்தில் பறக்கும் பறவை என்றால் ஒரு ஸ்டாப் கூட்டுங்கள். சரி, கேமராவைப் பற்றி இவ்வளவு போதும். ஒன்று மட்டும், குளிரில் சுற்றிவிட்டுக் கதகதப்பான வீட்டுக்குள் நுழைவதற்கு முன்னால் கேமராவைப் பையில் போட்டு இறுக மூடிவிடுங்கள், இல்லாவிட்டால் லென்ஸுக்குள் ஈரம் படியும்.

எதை எடுப்பது என்றால், பெரிய காட்சியும் உங்கள் ஊர்ப் பக்கமே இருக்கிறது. டோர்ஹாம்ன் முனை, பிளெக்கிங்கே மாகாணத்தின் தென்கிழக்கு மூலை. டென்மார்க் கடலிலும் அதற்கு அப்பாலும் குளிர்காலத்தைக் கழித்த ஈடர் வாத்துகள் மார்ச் கடைசியிலும் ஏப்ரலிலும் அந்த வழியாகத்தான் கூட்டங்கூட்டமாக, நீர்மட்டத்தை ஒட்டி வரிசையாகப் பறந்து போகும். ஆண் கறுப்பு வெள்ளை, பெண் பழுப்பு. முனையில் விடியற்காலையிலேயே தொலைநோக்கியோடு ஆட்கள் நிற்பார்கள், பக்கத்தில் போய் நின்றுகொள்ளுங்கள். பேச்சு கொடுக்காவிட்டாலும் பரவாயில்லை, அவர்கள் எந்தப் பக்கம் திரும்புகிறார்களோ அந்தப் பக்கம் திரும்பினால் போதும். மே கடைசியில் ஆர்க்டிக் பக்கம் போகும் கருநிற வாத்துகள் வரும். அதே மார்ச், ஏப்ரலில் காட்டுக்குள் ப்ளோசிப்பா என்ற நீலப்பூ தரையை மூடும். மரங்கள் இலை விட்டு வெளிச்சத்தை மறைப்பதற்குள் பூத்து முடித்துவிட வேண்டிய அவசரம் அதற்கு. அதை வேரோடு பிடுங்குவது ஸ்வீடன் முழுக்கச் சட்டப்படி தடை, படுத்துக்கொண்டு படம் எடுங்கள், எழும்போது மற்ற பூக்களை நசுக்காமல் எழுங்கள். குளிர்காலத்தில் கடல் ஓரமாக உறைந்தால், தண்ணீர் திறந்திருக்கும் இடத்தில் வெள்ளைவால் கழுகு வந்து உட்காரும். டி.டி.டி. பூச்சிக்கொல்லி, பி.சி.பி. என்ற தொழிற்சாலை ரசாயனம் ஆகியவற்றின் நஞ்சால் முட்டை பொரியாமல் 1970களில் பால்டிக் கரையிலிருந்து ஏறக்குறைய அழிந்துபோக இருந்த பறவை இது, 1971ல் தொடங்கிய காப்புத் திட்டத்தால் மீண்டு வந்தது. உங்கள் படத்தின் சட்டகத்துக்குள் அது ஒரு புள்ளியாக விழுந்தாலும் அழிக்காதீர்கள், சுற்றி இருக்கும் பனிக்கட்டியும் காலியான கரையும்தான் அந்தப் படத்துக்கு உயிர்.

பார்த்ததை ஆர்ட்போர்ட்டாலன் என்ற பொதுப் பதிவுத்தளத்தில் தேதி, இடத்தோடு போட்டுவையுங்கள். மங்கலான படமும் அங்கே செல்லும், ஆராய்ச்சிக்காரர்கள் அதைப் பயன்படுத்துகிறார்கள்.

இனி அந்தப் பயம். ஸ்வீடனில் அல்லமான்ஸ்ரெத்தன் என்று ஒரு உரிமை உண்டு, 1994லிருந்து அரசியல் சாசனத்திலேயே இருக்கிறது. யாருடைய காடாக இருந்தாலும் நடந்து போகலாம், அனுமதி கேட்க வேண்டாம், நின்று படம் எடுக்கலாம். ஸ்வீடன் குடிமகளாக இருக்க வேண்டும் என்பதும் இல்லை. செய்யக்கூடாதவை: வீட்டு முற்றத்துக்குள்ளும் சன்னலுக்குக் கிட்டேயும் போவது, பயிர் நிற்கும் வயலை மிதிப்பது, நீங்கள் திறந்த வேலிக் கதவை மூடாமல் போவது. யாராவது எதிரே வந்தால் "ஹேய்" என்று சொல்லிக் கேமராவைக் காட்டுங்கள், பெரும்பாலும் அவர்களே எங்கே என்ன பறவை இருக்கிறது என்று சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள்.

ஆனால் மூன்று விஷயத்தில் நான் கறார். பறவைக் காப்பிடம் என்று பலகை வைத்த தீவுகளில் கூடுகட்டும் காலத்தில் கால் வைக்கவே கூடாது. அடைகாக்கும் பெண் ஈடர் ஏறத்தாழ இருபத்தாறு நாள் இரைகூடச் சரியாக எடுக்காமல் முட்டைமேல் உட்கார்ந்திருக்கும். நீங்கள் போய் எழுப்பினால் கடற்காகம் முட்டையைக் கொண்டுபோய்விடும், எந்தப் படமும் அதற்கு ஈடில்லை. அடுத்தது, உங்கள் ஊர் கடற்படைத் தளம். மஞ்சள் நிறத்தில் "ஷுட்ஸ்ஒப்யெக்ட்" (பாதுகாக்கப்பட்ட இடம்) என்று எழுதிய பலகை இருந்தால் அந்தப் பக்கம் பறவையே உட்கார்ந்திருந்தாலும் கேமராவைத் தூக்காதீர்கள். மூன்றாவது உண்ணி. ஐந்து டிகிரிக்கு மேல் வெப்பம் ஏறினாலே புல்லில் காத்திருக்கும். நீங்கள் வேறு பூவுக்காகப் படுக்கப் போகிறீர்கள். காலுறைக்குள் பேன்ட்டைச் செருகிக்கொள்ளுங்கள், வீட்டுக்கு வந்ததும் முழங்கால் மடிப்பு, அக்குள், தலைமுடி ஓரம் எல்லாம் பாருங்கள். ஒட்டியிருந்தால் இடுக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து இழுத்துவிடுங்கள். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் அது உண்ணி பரப்பும் பொரேலியா என்ற பாக்டீரியா நோயாக இருக்கலாம், மருத்துவரிடம் போங்கள், ஆன்டிபயாடிக் மருந்தில் சரியாகும். மூளையைத் தாக்கும் டி.பி.இ. வைரஸுக்கு மருந்து இல்லை, தடுப்பூசி உண்டு. ஒரே ஊசியில் முடியாது, அதனால் லென்ஸுக்கு எடுத்துவைத்த பணத்தில் அதை இந்தக் குளிர்காலத்திலேயே ஆரம்பித்துவிடுங்கள்.