மேட்டூர் திறப்பதற்குள் வேலையை முடிக்கத் தெரிந்தவர் பிஎம்பி தேர்வில் இடறுவது எங்கே?

கேள்வி: மன்னார்குடி பக்கம் இருக்கிறேன். டிப்ளமோ சிவில் படித்தவன். 9 வருடமாக ஆறு, வாய்க்கால் வேலை எடுக்கும் கான்ட்ராக்டரிடம் சைட் இன்ஜினியராக இருக்கிறேன். வெளிநாட்டு வேலைக்கு பிஎம்பி என்ற திட்ட மேலாண்மைச் சான்றிதழ் கேட்கிறார்கள். ஐந்து வருட அனுபவம் காட்ட வேண்டுமாம். வாய்க்காலில் வருடத்துக்கு நாலரை மாதம்தானே வேலை நடக்கும்? மாதிரித் தேர்வு எழுதினால் 55 சதவீதத்தைத் தாண்ட மாட்டேன் என்கிறது. தப்பு ஆங்கிலத்திலா, படிப்பிலா? வீட்டிலிருந்தே எழுதலாமா, சென்னைக்குப் போக வேண்டுமா?

பதில்: முதலில் மாதக் கணக்கைப் பார்த்துவிடுவோம். பணம் கட்டுவதற்கு முன்பே பலர் சிக்கிக்கொள்வது அதில்தான்.

பிஎம்பி தேர்வை நடத்தும் பிஎம்ஐ அமைப்பு, 2021 ஜனவரியில் கொண்டுவந்த தேர்வு முறையின்படி, நாலாண்டுப் பட்டதாரிக்கு 36 மாத அனுபவம் கேட்கிறது. டிப்ளமோக்காரருக்கு 60 மாதம். கூடவே 35 மணி நேர வகுப்புச் சான்று. அனுபவம் கடைசி 8 ஆண்டுகளுக்குள் இருக்க வேண்டும் என்பதால், உங்கள் முதல் வருட வேலை கணக்கில் வராது. 2026 ஜூலையில் தேர்வு புதிய அமைப்புக்கு மாறுவதாக பிஎம்ஐ அறிவித்திருக்கிறது. நீங்கள் எழுதும் தேதி மாற்றத்துக்கு முன்னால் விழுகிறதா, பின்னால் விழுகிறதா என்று பார்த்து, அதற்குரிய பாடத்திட்டத்தையும் கையேட்டையும் பிஎம்ஐ தளத்திலிருந்தே இறக்கிக்கொள்ளுங்கள். பழைய குறிப்புகளை நண்பரிடம் வாங்கிப் படிக்க வேண்டாம்.

மேட்டூர் அணை வழக்கமாக ஜனவரி 28-ல் மூடி ஜூன் 12-ல் திறப்பது. இடையில் தண்ணீர் ஓடாத நாலரை மாதம்தான் வாய்க்கால் வேலை. 8 வருடத்துக்கு 36 மாதம்தான் வருகிறது. உங்களுக்கு வேண்டியதோ 60. அதோடு, ஒரே மாதத்தில் இரண்டு வேலை நடந்திருந்தாலும் அது ஒரு மாதமாகத்தான் எண்ணப்படும். வெண்ணாற்றில் ஒரு சுவரும் பாமணியாற்றில் ஒரு மதகும் பிப்ரவரி முதல் மே வரை சேர்ந்து நடந்தால், உங்களுக்குக் கிடைப்பது எட்டு மாதம் அல்ல, நாலு மாதம்தான்.

ஆனால் ஒரு திட்டம் கான்கிரீட் போடும் நாளில் தொடங்கி, போட்டு முடித்த நாளில் முடிவதில்லை. நவம்பரில் தளத்தைப் பார்த்து எஸ்டிமேட் போட்டது, டிசம்பரில் விலைப்புள்ளிக்குக் கணக்குக் கொடுத்தது, ஜனவரியில் ஜல்லி, கம்பி, ஆட்களுக்கு ஏற்பாடு செய்தது, ஜூலையில் இறுதி அளவெடுத்து எம் புக் (அளவுப் புத்தகம்) சரிபார்த்தது, ஆகஸ்டில் குறைகளைச் சரிசெய்து ஒப்படைத்தது எல்லாம் திட்டமிடலும் கொள்முதலும் முடித்துவைப்பும்தான். அவற்றை நீங்கள் முன்னின்று நடத்தியிருந்தால், ஒரே வேலைக்கு நவம்பர் முதல் ஆகஸ்ட் வரை பத்து மாதம் நியாயமாகவே எழுதலாம். எஸ்டிமேட்டை அலுவலகத்தில் வேறொருவர் போட்டிருந்தால் அந்த மாதங்களை எழுதாதீர்கள். பில் பாஸ் ஆகட்டும் என்று சும்மா காத்திருந்த மாதங்களும் சேராது. மழைக்காலத்தில் பள்ளிக் கட்டடம், நெல் கொள்முதல் நிலையம், சாலை என்று வேறு வேலை பார்த்திருந்தால் அதைத் தனித் திட்டமாகக் காட்டுங்கள். ஒரு நோட்டில் 96 மாதங்களையும் கட்டம் போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் எந்த வேலை என்று எழுதிப் பாருங்கள். ஓர் இரவில் முடிகிற வேலை இது. 60 கட்டம் நிரம்பாவிட்டால் இப்போது விண்ணப்பிக்காமல், அனுபவமே கேட்காத, பிஎம்ஐயின் தொடக்கநிலைத் தேர்வான கேப்எம்மை முதலில் எழுதுவது நல்லது. பின்னாளில் அந்தச் சான்றிதழே பிஎம்பியின் 35 மணி நேர வகுப்புக்கு ஈடாகும்.

பதவிப் பெயரில் ‘மேனேஜர்’ இல்லையே என்று தயங்க வேண்டாம். ‘சைட் இன்ஜினியர்’ என்றே போடுங்கள். நீங்கள் வேலையை நடத்தினீர்களா என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு திட்டத்துக்கும் 200 முதல் 500 வார்த்தைக்குள் ஆங்கிலத்தில் விவரம் கேட்பார்கள். ‘மேற்பார்வை செய்தேன், பில் போட்டேன்’ என்ற தொனியில் எழுதினால் திரும்பி வந்துவிடும். வேலையின் நோக்கம் என்ன, உங்கள் பொறுப்பு என்ன, அட்டவணையும் செலவும் ஆட்களும் அபாயங்களும் உங்கள் கையில் எப்படி ஓடின, கடைசியில் என்ன ஒப்படைத்தீர்கள் என்று அந்த வரிசையிலேயே எழுதுங்கள்.

சில விண்ணப்பங்களைத் தணிக்கைக்கு எடுப்பார்கள். எடுத்தால் 90 நாளுக்குள் படிப்புச் சான்று, வகுப்புச் சான்று, அனுபவத்தை உறுதிசெய்பவரின் ஒப்புதல் எல்லாம் போய்ச் சேர வேண்டும். டெல்டாவில் இதில் ஒரு நடைமுறைச் சிக்கல் உண்டு. ஐந்து வருடம் முன்பு அந்தப் பிரிவில் இருந்த உதவிப் பொறியாளர் (ஏஇ) இன்று எந்த மாவட்டத்தில் இருக்கிறாரோ தெரியாது. பழைய கான்ட்ராக்டர் தொழிலையே விட்டிருப்பார். விண்ணப்பத்தில் யார் பெயரைப் போடுகிறீர்களோ அவரிடம் முன்கூட்டியே பேசி, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை என்று சொல்லி, சம்மதமும் அவர் பார்க்கிற மின்னஞ்சல் முகவரியும் வாங்கிவையுங்கள். தணிக்கை வந்தபிறகு ஆளைத் தேடினால் 90 நாள் பறந்துவிடும்.

இன்னொரு சிறு விஷயம், ஆனால் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்: இனிஷியல். பிஎம்ஐ கணக்கில் உள்ள பெயரும் தேர்வன்று காட்டும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற இடத்தில் அப்பா பெயர் முழுதாக இருக்க, பிஎம்ஐ கணக்கில் ஒற்றை எழுத்து மட்டும் இருந்தால் வம்பு. அட்டையில் புகைப்படம், கையெழுத்து, ஆங்கில எழுத்து மூன்றும் வேண்டும். ஆதாரில் கையெழுத்து இல்லை. வெளிநாடு போக எப்படியும் பாஸ்போர்ட் வேண்டும்தானே. அதை முதலில் எடுத்து, அதிலுள்ளபடியே கணக்கைத் தொடங்குங்கள்.

இனி அந்த 55 சதவீதம். உங்கள் கோளாறு ஆங்கிலத்தில் பாதிகூட இல்லை என்றுதான் நினைக்கிறோம். தேர்வு தமிழில் கிடையாது, அது உண்மை. ஆனால் கேள்விகள் பெரும்பாலும் மூன்று, நாலு வரிச் சம்பவங்கள். சொற்கள் திரும்பத் திரும்ப வருபவை. சைட்டில் வளர்ந்தவர் இடறுவது வரிசையில். ‘மேலாளர் முதலில் என்ன செய்ய வேண்டும்?’, ‘அடுத்து என்ன?’ என்று கேட்கிறார்கள். நாலு விடையும் சரியான செயல்களாகவே இருக்கும். எது முதல் என்பதில்தான் மதிப்பெண்.

ஓர் உதாரணம். வாய்க்கால் தடுப்புச் சுவர் பாதி எழும்பிவிட்டது. பாசன விவசாயிகள் வந்து, ‘புது மதகின் அடிமட்டம் எங்கள் வயலைவிட உயரமாக இருக்கிறது, தண்ணீர் ஏறாது’ என்கிறார்கள். என்ன செய்வீர்கள்? (அ) வேலையை நிறுத்துவேன். (ஆ) மேலதிகாரியிடம் சொல்வேன். (இ) அவர்களோடு மட்டத்தைப் பார்த்து, மாற்றினால் செலவும் நாளும் எவ்வளவு பாதிக்கும் என்று ஆராய்வேன். (ஈ) மாற்றக் கோரிக்கை எழுதுவேன்.

சைட்டில் கை உடனே போவது ‘ஆ’வுக்கு. செயற்பொறியாளருக்கு ஒரு போன் போட்டால் பழி நம் தலையில் விழாது என்பது பழகிப்போன பாதுகாப்பு. தேர்வு எதிர்பார்ப்பது ‘இ’. முதலில் பிரச்சினையைப் புரிந்துகொண்டு பாதிப்பை அளக்க வேண்டும். பிறகு ‘ஈ’, மாற்றக் கோரிக்கை. அதை மாற்றக் கட்டுப்பாட்டுக் குழு ஏற்ற பிறகே திட்டத்தைத் திருத்தி, சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரிவித்து, வேலையில் கைவைப்பது. உங்கள் அதிகாரத்துக்குள் தீராத விஷயம் என்றால்தான் மேலே கொண்டுபோவது. இந்த ஒரு வரிசையை உள்வாங்கினாலே தவறான விடைகளில் கணிசமானவை விழுந்துவிடும். விதிவிலக்கு ஒன்று: ஆள் உயிருக்கு ஆபத்து என்று கேள்வியிலேயே இருந்தால் வேலையை நிறுத்துவதுதான் முதல்.

இரண்டாவது இடறல் அஜைல், அதாவது வேலையைச் சிறு சிறு சுற்றுகளாகச் செய்து, கருத்துக் கேட்டுத் திருத்திக்கொண்டே போகும் முறை. கேள்விகளில் ஏறக்குறைய பாதி அஜைல் அல்லது கலப்பு முறையிலிருந்து வருகிறது. கான்கிரீட் வேலைக்காரருக்கு இது அந்நியம். ஸ்பிரிண்ட் (ஒரு குறுகிய வேலைச் சுற்று), பேக்லாக் (செய்ய வேண்டியவற்றின் பட்டியல்), ப்ராடக்ட் ஓனர் இவற்றை வெறும் சொற்பொருளாக மனப்பாடம் செய்யாமல், யார் எதை முடிவுசெய்வார் என்று பிடியுங்கள். எது முதலில் வேண்டும் என்று வரிசைப்படுத்துவது ப்ராடக்ட் ஓனர். எப்படிச் செய்வது, ஒரு ஸ்பிரிண்டில் எவ்வளவு முடியும் என்பது குழு. தடைகளை அகற்றிக் கொடுப்பது ஸ்க்ரம் மாஸ்டர். குழுவுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்து மேய்க்கும் மேஸ்திரி இங்கே இல்லை. உங்கள் படிப்பு நேரத்தில் சரிபாதியை இதற்கே ஒதுக்குங்கள்.

கணக்குகள் குறைவாகத்தான் வரும். முடிந்த வேலையின் பண மதிப்பைத் திட்டத்தோடும் செலவோடும் ஒப்பிடும் ஈட்டிய மதிப்பு முறையை உங்கள் வேலையிலேயே ஒருமுறை போட்டுப் பார்த்தால் மறக்காது. 1,000 மீட்டர் சுவர், 50 லட்சம் ரூபாய், 100 நாள். பிப்ரவரி 10-ல் தொடக்கம், மே 20-ல் முடிவு. 40-ஆம் நாள் 400 மீட்டர் முடிந்திருக்க வேண்டும், அதாவது 20 லட்சத்துக்கான வேலை. முடிந்தது 320 மீட்டர், மதிப்பு 16 லட்சம். கையைவிட்டுப் போனது 18 லட்சம். செலவுக் குறியீடு 16-ஐ 18-ஆல் வகுத்தால் 0.89. அட்டவணைக் குறியீடு 16-ஐ 20-ஆல் வகுத்தால் 0.8. இதே போக்கில் போனால் மொத்தச் செலவு 50 லட்சம் அல்ல, 56.25 லட்சம். நாளும் 100-க்கு 125 ஆகும். முடிவது ஜூன் 14. மேட்டூர் திறந்து தண்ணீர் கல்லணைக்கு வர மூன்று நாலு நாள் ஆகும் என்றாலும், கடைசிக் கான்கிரீட்டுக்கு ஏழு நாளாவது கியூரிங் வேண்டுமே. ஆக, தண்ணீர் வருவதற்குள் வேலை முடியாது.

இங்கிருந்துதான் தேர்வு தன் கேள்வியைத் தொடங்கும். இரண்டாவது மிக்சரும் ராத்திரி ஷிப்டும் போட்டால் அது கிராஷிங், பணம் கூடும். அடுத்தடுத்துச் செய்ய நினைத்த இரு கரைகளையும் ஒரே சமயத்தில் தொடங்கினால் அது ஃபாஸ்ட் டிராக்கிங், அபாயம் கூடும். செலவுக் குறியீடு ஏற்கெனவே 1-க்குக் கீழே இருக்க, கூடுதல் பணமும் இல்லை என்று கேள்வி சொன்னால் இரண்டாவதுதான் விடை. எது செய்தாலும் கிரிட்டிகல் பாத்தில், அதாவது தாமதமானால் மொத்தத் திட்டமும் தாமதமாகும் வேலைத் தொடரில், உள்ள வேலையில் செய்தால்தான் நாள் குறையும்.

படிப்புக்கு 12 வாரம், தினம் ஒன்றரை மணி நேரம் போதும். முதல் நாலு வாரம் பாடம், அடுத்த ஐந்து வாரம் தினம் 20, 30 கேள்வி, கடைசி மூன்று வாரத்தில் முழு நீள மாதிரித் தேர்வு மூன்று. மதிப்பெண்ணைப் பார்த்துவிட்டு மூடிவைப்பதுதான் பெரிய வீண். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு வார்த்தை எழுதுங்கள்: ‘தெரியவில்லை’, ‘அவசரம்’, ‘வரிசை’. இரண்டு வாரத்தில் எந்த வார்த்தை அதிகம் என்று உங்களுக்கே தெரிந்துவிடும். ‘உண்மையான தேர்வுக் கேள்விகள்’ என்று டெலிகிராமில் விற்பதை வாங்காதீர்கள். விடைகள் பல தவறு. அது பிஎம்ஐயின் நெறிமுறைக்கும் விரோதம்.

2026 ஜூலை மாற்றத்துக்கு முந்தைய அமைப்பில் 180 கேள்வி, 230 நிமிடம். ஒரு கேள்விக்கு ஒன்றேகால் நிமிடம். 60 கேள்விக்கு ஒருமுறை பத்து நிமிட இடைவேளை. இடைவேளைக்குப் போனபின் முந்தைய 60-க்குத் திரும்ப முடியாது. ஆகவே 60-ஆம் கேள்வி முடியும்போது திரையில் 153 நிமிடமும், 120-இல் 77 நிமிடமும் மீதி இருக்க வேண்டும். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பதில்லை. எதையும் வெறுமையாக விடாதீர்கள்.

வீடா, மையமா? மையம் என்றே சொல்வோம். வீட்டில் எழுதுவதற்கு விதி தடை சொல்லவில்லை. நம் ஊர்ச் சூழல்தான் ஒத்துவராது. நாலு மணி நேரத்துக்கு மேல் அந்த அறைக்குள் இன்னொருவர் எட்டிப்பார்க்கக் கூடாது. மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை வந்தால் மடிக்கணினி ஓடும், மோடம் அணைந்துவிடும். ஆடி மாதத்தில் அம்மன் கோவில் ஒலிபெருக்கியை யார் நிறுத்துவது? கேள்வியை முணுமுணுத்துப் படிக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. உதடு அசைந்தாலே கண்காணிப்பாளர் எச்சரிப்பார். மையம் எங்கே என்பதை, தேர்வு மையங்களை நடத்தும் பியர்சன் வியூ நிறுவனத்தின் தளத்தில் பார்த்து முடிவுசெய்யுங்கள். சென்னை என்றால், மன்னை எக்ஸ்பிரஸில் ராத்திரி ஏறிக் காலையில் இறங்கி நேரே தேர்வுக்குப் போகாதீர்கள். ஒருநாள் முன்னதாகவே போய்த் தூங்கி எழுந்து எழுதுங்கள்.

தேதியைப் பொறுத்தவரை, பிப்ரவரி முதல் ஜூன் வரை உங்களுக்கு மூச்சுவிட நேரமிருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, புயல். ஆகஸ்ட் கடைசியோ செப்டம்பரோ தோது. விண்ணப்பம் ஏற்கப்பட்ட நாளிலிருந்து ஓராண்டு செல்லும்; அதற்குள் மூன்று முறை எழுதலாம், ஒவ்வொரு மறுதேர்வுக்கும் தனிக் கட்டணம். தேதியை மாற்ற வேண்டுமானால் தேர்வுக்கு 30 நாளைக்கு முன்பே மாற்றுங்கள். அதற்குள் வந்துவிட்டால் 70 டாலர். கடைசி 48 மணி நேரத்தில் மாற்றினால் கட்டிய கட்டணம் முழுதும் போய்விடும்.