ரிப்பீட் போடத் தெரிந்த பெண்ணுக்கு எதற்கு இன்ஜினியரிங் கடன்?

கரூரிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார். பிளஸ் டூ முடித்த மகள் நாள் முழுக்கக் கம்ப்யூட்டரில் ஒரே பூவைக் காப்பி எடுத்து இங்கும் அங்கும் நகர்த்திக்கொண்டிருக்கிறாளாம். 'இதெல்லாம் சோறு போடுமா? நகையை அடகு வைத்தாவது கம்ப்யூட்டர் சயின்ஸில் சேர்த்துவிடு' என்கிறாராம் மாமா.

அம்மா, நீங்கள் கவலைப்பட வேண்டியது அந்த அடகைப் பற்றித்தான். மகளுக்கு புரோகிராம் எழுதப் பிடிக்கும் என்று உங்கள் கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. பிடிக்காத படிப்பில் நாலு வருஷம், அதற்கு வட்டி வேறு. கடன் வாங்கி இந்தப் படிப்பு வேண்டாம். மாமா கோபித்துக்கொண்டாலும் என் பதில் இதுதான்.

இன்ஜினியரிங், பி.காம்., நர்சிங் பற்றியெல்லாம் ஊரே சொல்லியிருக்கும். அவற்றை விடுங்கள். அவள் செய்துகொண்டிருப்பது துணி டிசைனின் அடிப்படை வேலை. உங்கள் ஊர் பெட்ஷீட்டையே விரித்துப் பாருங்கள். ஒரு கட்டத்தை வரைந்து அதையேதான் நீளத்துக்கும் அகலத்துக்கும் அடுக்கியிருப்பார்கள். ரிப்பீட் போடுவது என்பது இதுதான். வலது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்ட பூ, இடது ஓரத்தில் மீதிப் பாதியாக வந்து சேர வேண்டும். அதற்குப் பூவை நகலெடுத்து, கட்டத்தின் அகலம் 32 செ.மீ. என்றால் சரியாக 32 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். மவுஸால் இழுத்து வைத்தால் ஆகாது, எண்ணாகத் தட்ட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் துணி முழுக்க அந்த இணைப்பு கோடாகத் தெரியும்.

சுழலும் உருளையால் துணியில் அச்சடிக்கும் ரோட்டரி பிரிண்டிங்கில் அந்த உருளையின் சுற்றளவு பெரும்பாலும் 64 செ.மீ. ஆகவே கட்டத்தின் உயரம் 64, 32, 16 என்று அதில் மீதியில்லாமல் அடங்க வேண்டும். பக்கத்து வரிசையைப் பாதி உயரம் இறக்கி வைத்தால் பூக்கள் வரிசை கட்டி நிற்பது தெரியாது. அதை ஹாஃப் டிராப் என்பார்கள். அவளிடம் கேட்டுப் பாருங்கள், தானாகவே இதைச் செய்து வைத்திருப்பாள் என்று நினைக்கிறேன்.

மென்பொருளுக்கும் செலவில்லை. இங்க்ஸ்கேப் என்ற வரையும் மென்பொருள் இலவசம். அதில் கன்ட்ரோல் டி தட்டினால் நகல் அசலின் மேலேயே உட்கார்ந்துவிடும். புதிதாகப் பழகுபவர்கள் ஒன்றும் நடக்கவில்லை என்று நாலு தடவை தட்டிவிடுவார்கள்! குளோன், அதாவது அசலோடு இணைந்தே இருக்கும் நகல், எடுத்தால் இன்னும் வசதி. அசல் பூவில் ஓர் இதழைத் திருத்தினால் எல்லாப் பூவிலும் திருந்திவிடும். கம்பெனிகளில் கோரல்டிராவும் ஃபோட்டோஷாப்பும் கேட்பார்கள், பின்னால் பழகிக்கொள்ளலாம்.

படிப்புக்கு முதலில் சேலத்தில் உள்ள இந்தியக் கைத்தறித் தொழில்நுட்ப நிறுவனத்தைப் பாருங்கள். மத்திய அரசுடையது. மூன்று வருட டிப்ளமோ, தறியையும் சாயத்தையும் சேர்த்தே கற்றுத் தருவார்கள். வயது வரம்பு உண்டு என்பதால் இந்த ஆண்டு அறிவிப்பைப் படித்துவிடுங்கள். ஃபேஷன் படிப்புகளுக்கான மத்திய அரசு நிறுவனமான நிஃப்டின் சென்னை வளாகத்திலும் டெக்ஸ்டைல் டிசைன் இருக்கிறது. ஆனால் கட்டணம் லட்சக்கணக்கில் போகும். உதவித்தொகை உறுதியாகாமல் அந்தப் பக்கம் போக வேண்டாம். 'மல்டிமீடியா' போர்டு மாட்டி லட்ச ரூபாய் கேட்கும் சென்டர்கள் வேண்டவே வேண்டாம்.

ஆரம்பச் சம்பளம் ஐ.டி. வேலை அளவுக்கு இருக்காது, அதையும் தெரிந்துகொள்ளுங்கள். அப்புறம், எங்கும் பணம் கட்டும் முன் அவள் போட்ட டிசைன் ஒன்றை டிஜிட்டல் பிரிண்டிங் யூனிட்டில் கொடுத்து இரண்டு மீட்டர் துணியில் அடித்து வாங்குங்கள். தெரிந்த எக்ஸ்போர்ட் கம்பெனி டிசைனர் யாரிடமாவது அதைக் காட்டி, இணைப்பு தெரிகிறதா என்று அவளையே கேட்கச் சொல்லுங்கள்.