பிள்ளையின் தலை

வணக்கம் சார்,

என் கணவருக்கு 42 வயது. இருபது வருடமாக சிகரெட். போன மாதம் எங்கள் ஏழு வயது மகள் தலையில் அடித்து சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தார். ஒன்பதாம் நாள் சட்டையில் வாடை. கேட்டால் பக்கத்தில் யாரோ பிடித்தார்களாம். பொய். அன்றிலிருந்து நான் அவரோடு பேசுவதில்லை. நிக்கோடின் சூயிங்கம் வாங்கிக் கொடுக்கலாமா? அதுவே இன்னொரு பழக்கம் ஆகிவிடாதா? நான் எப்படித்தான் உதவுவது?

பெயர் வேண்டாம், திண்டுக்கல்

அன்புள்ள சகோதரி,

சூயிங்கத்தைப் பிறகு பார்ப்போம். பிள்ளையின் தலை என்ற இடத்தில் நான் நின்றுவிட்டேன். போன வாரம் அப்பாவின் திதி. அக்காவும் நானும் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தோம்.

1984இல் அம்மாவும் இதையே செய்தாள். அக்காவின் தலையில் கை வைக்கச் சொன்னாள். நாலாம் நாள் அப்பா ரைஸ்மில்லுக்குப் பின்னால் போய் ஒன்று பிடித்துவிட்டார். யாருக்கும் தெரியாது. அடுத்த வாரம் அக்காவுக்கு மஞ்சள் காமாலை. வீடே கீழாநெல்லியும் மோருமாக அலைகிறது. அப்பா மட்டும் அவள் பாயருகே வராமல் திண்ணையிலேயே கிடந்தார். பயத்தில் அன்று ராத்திரி ஒரு பாக்கெட்டையும் ஊதித் தீர்த்தாராம். "நீங்க பிடிக்கலைதானே?" என்று அம்மா கேட்பாள். "இல்லை" என்பார். பதினோரு வருடம் அந்த "இல்லை" ஓடியது.

அக்காவின் கல்யாணத்துக்கு முந்தைய நாள்தான் அவளிடம் சொல்லி அழுதார். நர்சிங் படித்தவள், சிரித்துவிட்டாள். "அது தண்ணியில வந்ததுப்பா. வெளியே தெரியறதுக்கே ரெண்டு வாரத்துக்கு மேல ஆகும். நீங்க சத்தியம் பண்றதுக்கு முன்னாடியே எனக்குள்ள இருந்திருக்கு." இந்தக் கணக்கை அந்த மனுஷனுக்குச் சொல்ல ஒரு ஆள் இல்லாமல் போயிற்று, பதினோரு வருடம்.

கோபமாகவே கேட்கிறேன்: குழந்தையை எதிரில் நிறுத்தி வைத்தா செய்யச் சொன்னீர்கள்? நாளைக்கு அவளுக்குக் காய்ச்சல் வந்தால் அவர் என்ன நினைப்பார்? அவள் என்ன நினைப்பாள்? சத்தியம் செய்து நிறுத்தியவர்கள் இல்லையா என்று உங்கள் மாமியார் கேட்பார். இருக்கட்டும். சத்தியம் உடைந்த வீடுகளைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

ஒரு இழுப்பு இழுத்தால் பத்து இருபது விநாடியில் நிக்கோடின் மூளைக்குப் போய்விடுகிறது. ஒரு நாளைக்குப் பத்து சிகரெட் என்றால் ஏறக்குறைய நூறு இழுப்பு. இருபது வருடத்துக்குப் பெருக்கிப் பாருங்கள். விட்டபின் முதல் இரண்டு மூன்று நாள்தான் மிக மோசம். உங்கள் வீட்டுக்காரர் அதைத் தாண்டி எட்டு நாள் இருந்திருக்கிறார்! நீங்களோ அந்த எட்டு நாளை விட்டுவிட்டு ஒன்பதாம் நாளின் சட்டையைப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். பல பேருக்கு நாலைந்து தடவை விட்டுப் பிடித்துத்தான் நிற்கிறது. அந்த நமநமப்பு வந்தால் ஒரு சில நிமிடம்தான் ஆட்டும், பிறகு தணியும். அந்த நேரத்தில் "இப்ப பிடிக்கணும்போல இருக்குடி" என்று போன் போட ஒரு ஆள் வேண்டும். சத்தியத்துக்குப் பிறகு உங்களிடம் மட்டும் அவரால் அதைச் சொல்ல முடியாது.

இன்று இரவே, பிள்ளையையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "அந்தச் சத்தியம் செல்லாது, நான் கேட்டதே தப்பு" என்று சொல்லிவிடுங்கள். பேச்சை நிறுத்தியதைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை. அது உங்கள் வீட்டுச் சண்டை.

அப்பா அழுத பிறகு உடனே விட்டுவிடவில்லை. திண்ணையில் எல்லாரும் பார்க்கப் பிடித்தார். இரண்டு தடவை விட்டார், பிடித்தார். மூன்றாவது தடவை நின்றது.

அவருக்குக் கொடுக்கும் காபியைப் பாதியாகக் குறைத்துவிடுங்கள். சிகரெட் புகை இருக்கும்வரை உடம்பு காபியை வேகமாகக் கரைக்கும். விட்டபின் அதே இரண்டு டம்ளர் அதிகமாக ஏறும். எரிந்து விழுவதில் அதற்கும் பங்கு உண்டு. சும்மா சிகரெட் ஞாபகத்தை மறக்கடிக்க என்று மூன்றாவது டம்ளரும் கொடுத்திருப்பீர்கள்.

சூயிங்கம் கேட்டீர்களே, தாராளமாக வாங்கிக் கொடுங்கள். இருதயக் கோளாறு இருந்தால் மட்டும் டாக்டரைக் கேட்டுவிட்டு. 2 மில்லிகிராம் மருந்துக்கடையிலேயே கிடைக்கிறது. சிலர் மாதக்கணக்கில் மெல்லுவார்கள்தான். மெல்லட்டும், அதில் புகையும் தாரும் கிடையாது. சாதா சூயிங்கம் மாதிரி தொடர்ந்து மென்றால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். நாக்கு சுறுசுறுவென்றதும் நிறுத்தி, கன்னத்தோரம் ஒதுக்கிக்கொள்ளச் சொல்லுங்கள். காபி குடித்து கால் மணி நேரம் கழித்துத்தான் வாயில் போட வேண்டும். 1800-11-2356 என்று அரசின் இலவச எண் ஒன்றும் இருக்கிறது. அவரே கூப்பிடட்டும், நீங்கள் கூப்பிடாதீர்கள்.