ஒரு கண்

கேள்வி: ‘கவெட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குப் பொறாமை என்று அர்த்தம் சொன்னார் எங்கள் வாத்தியார். பேப்பரிலோ ‘கவெட்டட் அவார்ட்’ என்று போடுகிறார்கள். விருதில் பொறாமை எங்கே வந்தது? (வாசகர், கும்பகோணம்)

பதில்: வாங்காதவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். இருந்தாலும் உங்கள் வாத்தியார் ஒரு வீடு தள்ளிக் கதவைத் தட்டிவிட்டார். பொறாமை என்றால் பொறுக்க மாட்டாமை. எதிர்வீட்டுக்காரரின் புது ஸ்கூட்டரைப் பார்த்து ‘பஞ்சராகித் தொலையட்டும்’ என்று நினைத்தால் அது பொறாமை, ஆங்கிலத்தில் ‘என்வி’. ‘அது என் வீட்டு வாசலில் நிற்க வேண்டியது’ என்று தூக்கம் கெட்டால் கவெட். ஊரில் இதைச் சுருக்கமாக, ‘அந்தத் தோப்பு மேல அவருக்கு ஒரு கண்’ என்பார்கள். இன்னொரு கண், தோப்புக்காரர் வருகிறாரா என்று பார்ப்பதற்கு.

பேப்பர்காரர்கள் சொல்லும் விருதில் அந்தப் பாவமெல்லாம் கழுவப்பட்டுவிட்டது. பலரும் ஆசைப்படும் விருது, அவ்வளவுதான்.

பாவம் அப்படியே இருப்பது பைபிளின் பத்துக் கட்டளைகளில். பிறன் வீடு, மனைவி, வேலையாள், எருது, கழுதை எதன் மேலும் கண் வைக்காதே என்கிற இடத்தில் ஆங்கிலத்தில் கவெட், தமிழில் ‘இச்சியாதிருப்பாயாக’. கத்தோலிக்கர்கள் மனைவியைப் பிரித்து ஒன்பதாவது கட்டளையிலும் மற்ற சொத்துகளைப் பத்தாவதிலும் வைக்கிறார்கள். மனைவியையும் கழுதையையும் ஒரே பட்டியலில் படித்துக் காட்டிவிட்டு வீட்டில் சோறு கேட்க முடியாது என்று யாருக்கோ உறைத்திருக்க வேண்டும்.

கவெட்டுக்குச் சரியான தமிழ்ச் சொல் வள்ளுவரிடம் இருக்கிறது: வெஃகுதல். பிறர் பொருளைக் கவர நினைப்பது. இவ்வளவு நல்ல சொல்லை நாம் ஏன் விட்டோம்? நடுவில் ஆய்தம் இருக்கிறதே! ஃ என்ற எழுத்துக்கு நம்மிடம் மிச்சமிருக்கும் ஒரே வேலை ஃபேனைச் சுற்ற வைப்பது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு எஃகு காட்டுகிறோம். அப்புறம் அந்தப் பிள்ளை ஆய்தத்தை ஃபோனில்தான் பார்க்கிறது. காப்பிக்கும் ஃ போடுகிறவர்களோடு எனக்கு முப்பது வருஷச் சண்டை. எங்கள் அச்சுக்கோப்பாளர் ஒருவர் ‘காஃபி’யில் ஒரு நாளும் புள்ளி தவறவிட்டதில்லை; அவர் கை பட்ட கட்டுரையில் வள்ளுவரின் அதிகாரம் மட்டும் ‘வெகாமை’ என்று வந்தது. மூன்று புள்ளியையும் காப்பியில் கரைத்துக் குடித்துவிட்டார் போலிருக்கிறது.

சரி, உங்கள் வாத்தியாருக்கு ஒரு சமாதானம். குறளில் பதினேழாவது அதிகாரம் அழுக்காறாமை, அதாவது பொறாமைப்படாமை; பதினெட்டாவது வெஃகாமை. பக்கத்து பக்கத்து வீடுதான், யாருக்கும் தடம் தவறும். பத்தொன்பது புறங்கூறாமை, அச்சுக்கோப்பாளர் விஷயத்தில் அதை இப்போதுதான் மீறினேன். இருபதாவது, பயனில சொல்லாமை. அதனால் அடுத்த கேள்விக்குப் போகிறேன்.