பாடகி பக்கவாத்தியம் வாசிக்கும்போது

அன்புள்ள ஆசிரியருக்கு,

நானும் என் தங்கையும் 'சாட்டர்டே நைட் லைவ்' என்ற அமெரிக்க நகைச்சுவை நிகழ்ச்சியை யூடியூபில் விடாமல் பார்ப்பவர்கள். ஒவ்வொரு எபிசோடுக்கும் ஒரு பிரபலம் ஹோஸ்டாக வந்து, அங்கே இருக்கும் நடிகர்களோடு சேர்ந்து 'ஸ்கெட்ச்' என்கிற குட்டி நகைச்சுவை நாடகங்களில் நடிப்பார். 2024 அக்டோபரில் பாப் பாடகி அரியானா கிராண்டே ஹோஸ்டாக வந்த எபிசோடை வைத்து எங்களுக்குள் பெரிய சண்டை. அவள் பத்துக்குப் பத்து என்கிறாள். நான் ஐந்துக்கு மேல் தர மாட்டேன். மற்ற பாடகிகளின் குரலில் பாடிக்காட்டுவது மிமிக்ரி, நகைச்சுவை நடிப்பு இல்லை. ரசிகர் கூட்டம் இருப்பதால் என்ன செய்தாலும் கைதட்டல் விழுகிறது. முக்கால்வாசி நேரம் எதிரில் நிற்பவரைப் பார்க்காமல், எழுதிவைத்த அட்டையைப் பார்த்துத்தான் பேசுகிறார். எல்லோரும் கொண்டாடும் அந்தக் கல்யாண ஸ்கெட்ச்சில்கூட அவர் தனியாக எதுவும் செய்யவில்லை, நாலு பேரில் ஒருவராக நிற்கிறார். ஒரு பாப் பாடகர் ஹோஸ்டாக வந்தால் அவரை எதை வைத்து மதிப்பிட வேண்டும்? தீர்ப்பை நீங்கள்தான் சொல்ல வேண்டும். தங்கை இப்போது என்னோடு பேசுவதில்லை.

க.

அன்புள்ள க.,

முதல் வேலையாகத் தங்கையிடம் போய்ப் பேசுங்கள். நியூயார்க்கில் ஒரு சனிக்கிழமை ராத்திரி ஒரு பாடகி போட்ட வேஷத்துக்காக வீட்டில் பேச்சு நின்றுபோனால், தப்பு அந்தப் பாடகி மேல் இல்லை.

மார்க் கேட்டு வரும் கடிதங்களுக்கு நான் பொதுவாகப் பதில் எழுதுவதில்லை. உங்களுக்கு எழுதக் காரணம் ஒரே ஒரு வரி. 'நாலு பேரில் ஒருவராக நிற்கிறார்.' நீங்கள் அதைப் புகாராக எழுதியிருக்கிறீர்கள். நானோ கொஞ்ச நாளாக அதையேதான் அவருடைய பெரிய சாமர்த்தியமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சில்லறை விஷயங்களை முதலில் ஓரம் கட்டிவிடலாம். கைதட்டல் விழத்தான் செய்யும், விழட்டுமே. ரசிகர்களின் கூச்சல், ஹோஸ்ட் ஆரம்பத்தில் தனியாக நின்று பேசும் மோனோலாக்கோடு தீர்ந்துவிடும். அதற்குப் பிறகு ஒரு மணி நேரத்துக்கு மேல் நிகழ்ச்சி பாக்கி இருக்கிறது. சிரிப்பு வராத ஸ்கெட்ச்சைக் கூச்சல் காப்பாற்றி நான் பார்த்ததில்லை. மிமிக்ரி விஷயத்தில் நீங்கள் சொல்வதில் பாதி சரி. 2016 மார்ச்சில் அவர் முதல்முறை ஹோஸ்டாக வந்தபோது, டைடல் என்ற இசைச் சேவை பழுதாகிவிட, அங்கே வேலை பார்க்கும் ஒரு பெண் நட்சத்திரப் பாடகிகளுக்குப் பதிலாகத் தானே பாடிச் சமாளிப்பதாக ஒரு ஸ்கெட்ச் செய்தார். பிரிட்னி ஸ்பியர்ஸ், ரிஹானா, ஷகீரா, செலின் டியோன், விட்னி ஹூஸ்டன் என்று குரல் மாறிக்கொண்டே போகும். அது வித்தை, அசல் வித்தை. ஆனால் அங்கே மற்ற நடிகர்களுக்கு வாயைப் பிளந்து நிற்பதைத் தவிர வேலை குறைவு. அதற்கு நீங்கள் மார்க்கைக் குறைத்தால் நான் சண்டைக்கு வர மாட்டேன்.

அட்டை விஷயத்தில்தான் உங்களைச் சும்மா விட முடியாது. விடாமல் பார்க்கிறேன் என்கிறீர்கள், அந்த நிகழ்ச்சி எப்படித் தயாராகிறது என்று ஒரு நாளாவது யோசித்திருக்கிறீர்களா? திங்கட்கிழமை தயாரிப்பாளர் லோர்ன் மைக்கேல்ஸின் அறையில் எழுத்தாளர்களும் நடிகர்களும் நெருக்கியடித்து உட்கார்ந்து ஹோஸ்டிடம் யோசனை சொல்கிறார்கள். செவ்வாய் ராத்திரி விடிய விடிய எழுத்து. புதன்கிழமை சுமார் 40 ஸ்கெட்ச்சுகளை மேஜையைச் சுற்றி உட்கார்ந்து வாசிக்கிறார்கள், கொஞ்சம்தான் தேறும். சனிக்கிழமை இரவு 8 மணிவாக்கில் பார்வையாளர்களை உட்காரவைத்து முழு ஒத்திகை. அதிலும் சிரிப்பு வராததைத் தூக்கிவிட்டு, மிச்சத்தில் வரிகளை மாற்றி, 11.30 மணிக்கு நேரலைக்குப் போய்விடுகிறார்கள். ஒத்திகைக்கும் நேரலைக்கும் நடுவே கிடைக்கும் அந்தக் கொஞ்ச நேரத்தில், நீங்கள் சொன்ன அட்டையை, அதாவது க்யூ கார்டை எழுதுகிறவர்கள் பழைய வரி மேல் வெள்ளை டேப்பை ஒட்டி, மார்க்கரால் புது வரியைக் கையாலேயே எழுதுகிறார்கள். இப்போது சொல்லுங்கள், வசனத்தை மனப்பாடம் செய்துகொண்டு வந்தவர் வாயில் எந்த வரி வரும்? பழையதுதான் வரும். எதிரில் நிற்பவர் புது வரிக்காகக் காத்துக்கொண்டு நிற்பார். அதனால்தான் அங்கே பழுத்த நடிகர்களும் அட்டையைத்தான் நம்புகிறார்கள். நீங்கள் சோம்பேறித்தனம் என்று நினைப்பது அங்கே தொழில் ஒழுக்கம், தம்பி.

எல்லோரும் அட்டையைப் பார்க்கிறார்கள் என்றால் நல்ல ஹோஸ்டையும் மோசமான ஹோஸ்டையும் எப்படிப் பிரிப்பது? தன் வரி முடிந்த மறுகணம் அவர் கண் எங்கே போகிறது என்று பாருங்கள். சிலருக்கு அங்கேயே, அட்டையிலேயே நின்றுவிடும். அடுத்து எப்போது நம் வரி வரும் என்று தேடிக்கொண்டிருப்பார்கள். எதிரில் ஒருவர் உயிரைக் கொடுத்து நடித்துக்கொண்டிருப்பார், இவர்கள் பஸ்ஸுக்குக் காத்திருக்கும் முகத்தோடு நிற்பார்கள். வேறு சிலருக்கு வரி முடிவதற்குள்ளேயே கண் எதிராளியிடம் போய்விடும். அவர் சொல்வதை முதல்முறை கேட்பதுபோல் கேட்பார்கள். பார்க்கிறவர்களுக்கு இதைச் சொல்லத் தெரியாது. ஆனால் அந்த இடத்தில்தான் சிரிப்பார்கள்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். இளம் வயதில் ஒரு நாடகக் குழுவில் இருந்தேன். மேடையேற எனக்கு முகமும் இல்லை, குரலும் இல்லை. பக்கத் திரைக்குப் பின்னால் கையில் நோட்டோடு நின்று வசனம் எடுத்துக்கொடுக்கும் வேலை. நடிகர்களை முன்னாலிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று, பக்கவாட்டில் நிற்பவனுக்குத் தெரியும். வசனம் மறந்தவனின் காது என் பக்கம் திரும்பும், முகம் அசையாது, தோள் மட்டும் லேசாகத் தூக்கிக்கொள்ளும். அது பரவாயில்லை, எல்லோருக்கும் மறக்கும். இன்னொரு ரகம் உண்டு. வசனம் சுத்தமாக ஞாபகம் இருக்கும், ஆனால் எதிராளி பேசும்போது காது எங்கேயுமே இருக்காது. எங்கள் குழுவுக்கு ஒருமுறை கூட்டம் சேர்ப்பதற்காக ஒரு பாட்டுக்காரரைச் சிறப்பு வேடத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். பேர் வேண்டாம். மனுஷன் ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை. ஆனால் அவருடைய சம்சாரமாக நடித்த பெண், வழக்கமாகக் கைதட்டல் வாங்கும் நகைச்சுவைக் காட்சியில் அன்றைக்கு வரிக்கு வரி தோற்றாள். அவள் கேள்வி கேட்பாள், இவர் சபையைப் பார்த்துப் பதில் சொல்வார். திரைக்குள் வந்தவள் என்னைப் பார்த்து, "நான் என்ன தப்புப் பண்ணினேன்?" என்று கேட்டாள். அவள் ஒரு தப்பும் பண்ணவில்லை. அவளுக்கு எதிரில் ஆளே இல்லை, அவ்வளவுதான்.

அதனால் எனக்கு இந்த விஷயத்தில் கொஞ்சம் கோபம் உண்டு. மேடைக்கு நடுவில் நின்றே பழகிய பாடகர், ஹோஸ்டாக வரும் அந்த ஒரு வாரம் பக்கவாத்தியக்காரராக உட்கார வேண்டியிருக்கிறது. அன்றைக்குக் கச்சேரி அவருடையதாகத் தெரியும், போஸ்டரில் அவர் படம்தான் இருக்கும். ஆனால் ஸ்கெட்ச் நடிகர்களுடையது. அவர்கள் தனி ஆவர்த்தனம் வாசிக்கும்போது தாளம் போடத் தெரிந்தவர்தான் எனக்கு நல்ல ஹோஸ்ட்.

இப்போது நீங்கள் குறை சொன்ன ஸ்கெட்ச்சுக்கு வருவோம். கல்யாண விருந்தில் மணப்பெண்ணின் தோழிகள் நால்வர் வாழ்த்துப் பாட்டுப் பாட வருகிறார்கள். பாப் பாடகி சப்ரினா கார்பென்டரின் 'எஸ்பிரெஸ்ஸோ' பாட்டின் மெட்டு. பாடப் பாட, கல்யாணத்துக்கு முன் போன தோழிகள் சுற்றுலாவில் மணப்பெண் இன்னொருவனோடு பழகிய கதை ஒவ்வொன்றாக வெளியே வருகிறது. நால்வரும் பயங்கரமாகச் சுருதி தப்பிப் பாடுகிறார்கள். அந்த நால்வரில் ஒருவர் அரியானா கிராண்டே, விசில் ஸ்தாயி வரைக்கும் போகக்கூடிய தொண்டை! ஒரே ஒரு வரியை ஒழுங்காகப் பாடிக்காட்டியிருந்தால் அரங்கம் அதிர்ந்திருக்கும். ஸ்கெட்ச் அந்த இடத்திலேயே செத்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. அபஸ்வரத்திலும் மற்றவர்களைவிடப் பிரமாதமான அபஸ்வரமாகப் பாடிக்காட்டவும் முயலவில்லை. அதுதான் கஷ்டம். சும்மா கத்தினால் அபஸ்வரம் வந்துவிடும், நாலு பேரோடு சேர்ந்து ஒரே அளவுக்கு அசட்டுத்தனமாகப் பாடக் காது வேண்டும்.

அந்த ஸ்கெட்ச்சில் சிரிப்பு எங்கே இருக்கிறது? மாப்பிள்ளையாக நடிக்கும் ஆண்ட்ரூ டிஸ்மூக்ஸின் முகத்தில். முதலில் பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் மனுஷனுக்கு, கதை புரியப் புரிய முகம் மாறும். தோழிகளின் வேலை அந்த முகத்துக்குத் தீனி போடுவது. கடைசியில் அந்த இன்னொருவனே வந்து நிற்கிறான், டொமிங்கோ. நடித்தவர் மார்செல்லோ எர்னாண்டஸ். மறுநாள் காலை உலகம் பேசியது டொமிங்கோவைப் பற்றித்தான். போஸ்டரில் இருந்தவரைப் பற்றி இல்லை. ஹோஸ்டாக வந்தவருக்கு இதைவிட நல்ல சான்றிதழ் என்ன வேண்டும் உங்களுக்கு?

இது அவருக்கு வானத்திலிருந்து விழவில்லை. பாடகியாகப் புகழ் வருவதற்கு முன்பே, 2008இல் நியூயார்க்கின் நாடக அரங்குகள் இருக்கும் பிராட்வேயில் '13' என்ற இசை நாடகத்தில் பையன்களும் பெண்களுமாக ஒரு பட்டாளத்தோடு மேடையேறியவர். 2010இல் தொடங்கிய, நிக்கலோடியன் என்ற சிறுவர் சேனலின் தொடர் ஒன்றில் கதாநாயகியின் தோழி வேஷம். தோழி வேஷம் போட்டவர்களுக்குக் கேட்கத் தெரியும், கேட்டால்தான் அவர்களுக்குப் பிழைப்பு. பாடகர் ஜஸ்டின் டிம்பர்லேக்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்துமுறை ஹோஸ்டாக வந்தவர், 2006இல் அந்த நிகழ்ச்சியின் நடிகர் ஆண்டி சாம்பெர்க்கோடு சேர்ந்து செய்த பாட்டுக்கு எம்மி விருதே கிடைத்தது. அவரும் ஐந்து பையன்கள் வரிசையாக நின்று ஆடிய 'என்சிங்க்' குழுவில் வளர்ந்தவர். ஆரம்பத்திலிருந்தே தனியாக நின்று ஜெயித்தவர்களுக்கு இது அவ்வளவு சுலபமாக வருவதில்லை என்பது என் கணிப்பு. விதிவிலக்கு உண்டு. டெய்லர் ஸ்விஃப்ட் 2009இல் கிதாரோடு வந்து, தானே எழுதிய பாட்டையே மோனோலாக்காகப் பாடிவிட்டார். அபாரம். ஆனால் அதுவும் தனிக் கச்சேரிதான், இல்லையா?

நிகழ்ச்சியின் ஆரம்ப காலத்திலேயே இதை ஒருவர் செய்துகாட்டிவிட்டார் என்பதுதான் எனக்கு ஆச்சரியம். பாடகர் பால் சைமன். 1975 அக்டோபரில் அந்த நிகழ்ச்சியின் இரண்டாவது எபிசோடுக்கே அவர்தான் ஹோஸ்ட், ஆனால் அதில் பெரும்பாலும் பாட்டு. அடுத்த வருடம் நவம்பரில், அமெரிக்கர்கள் வான்கோழி விருந்து சாப்பிடும் நன்றி நவிலல் பண்டிகைக்குச் சில நாள் முன்பு மறுபடி வந்தார். உடம்பு முழுக்க இறகு வைத்த வான்கோழி உடை. அதைப் போட்டுக்கொண்டு தன்னுடைய ஆழ்ந்த சோகப் பாட்டு ஒன்றை, கச்சேரியில் பாடுவதுபோலவே கண்ணியமாகப் பாட ஆரம்பிக்கிறார். கொஞ்ச தூரம் போனதும் நிறுத்துகிறார். உன்னை நீயே ரொம்ப சீரியஸாக எடுத்துக்கொள்வதை நிறுத்து என்று சொல்லித்தான் இந்த உடையைக் கொடுத்தார்கள், இது சரிப்படவில்லை என்று சபையிடம் முறையிட்டுவிட்டு உள்ளே போய்விடுகிறார். முகத்தில் ஒரு சிரிப்புக் கிடையாது. கோமாளித்தனம் எல்லாம் உடையிடம் இருக்கிறது, அவர் அதற்கு வழிவிட்டு நிற்கிறார். பக்கத்தில் நடிகர் இல்லாவிட்டால் வான்கோழிக்குக்கூடப் பக்கவாத்தியம் வாசிக்கலாம்.

சரி, மார்க். 2016 எபிசோடைவிட 2024 எபிசோடுக்குத்தான் நான் அதிகம் போடுவேன். இரண்டாவது முறை பாட்டு விருந்தினராக ஸ்டீவி நிக்ஸ் வந்துவிட்டார், அதனால் அரியானாவுக்குப் பாடகியாக எதையும் நிரூபிக்கும் வேலை இல்லை. அது நன்றாகவே தெரிகிறது. நான் உங்கள் தங்கை கட்சி. அவள் சொல்லும் காரணங்கள் என்னவென்று தெரியாது, அதை நீங்கள் எழுதவே இல்லை. சண்டையில் எதிர்க்கட்சியின் வாதத்தைக் கேட்காமல் தீர்ப்புக்கு அனுப்புகிற ஆள், மேடையில் கேட்கத் தெரிந்தவரை எப்படி அடையாளம் கண்டுபிடிப்பீர்கள்?

கல்யாண ஸ்கெட்ச்சை இன்னொரு தடவை ஒலியை அணைத்துவிட்டுப் பாருங்கள், அரியானாவை மட்டும், அவருக்கு வரி இல்லாத நேரத்தில் மட்டும். அப்புறம் யூடியூப் துண்டுகளை விட்டுவிட்டு முழு எபிசோடையும், சொதப்பிய ஸ்கெட்ச்சுகளோடு சேர்த்தே பாருங்கள். அதற்குப் பிறகும் ஐந்துதான் என்றால் எழுதுங்கள், வாதாடலாம். அடுத்த தடவை தங்கையையும் ஒரு பத்தி எழுதச் சொல்லுங்கள்.