ஒரே விரல், இரண்டு சுகர் அளவு: மீட்டர் பழுதா?

கேள்வி: அம்மாவுக்கு வெறும் வயிற்றில் குளுக்கோமீட்டரில் 142 காட்டியது. இரண்டு நிமிடம் கழித்து அதே விரலில் 168. உடனே லேப்பில் எடுத்ததில் 150. எதை நம்புவது?

பதில்: இதை வைத்து மீட்டரைக் குறை சொல்ல முடியாது. குளுக்கோமீட்டர்களுக்கான ஐஎஸ்ஓ 15197:2013 என்ற சர்வதேசத் தரப்படி, (ஒரு டெசிலிட்டருக்கு) 100 மி.கி.யும் அதற்கு மேலும் உள்ள அளவுகளில் 95 சதவீதம், லேப் அளவிலிருந்து 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். 150 என்றால் 127.5 முதல் 172.5 வரை. இரண்டுமே அதற்குள்தான் வருகின்றன. ஆனாலும் 26 வித்தியாசத்தை அப்படியே விடாதீர்கள்.

மீட்டரில் செருகும் ஸ்ட்ரிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஒருமுறை மட்டும் பயன்படும், ரத்தத்தைச் சோதிக்கும் குட்டிச் சில்லு (பயோசிப்) அது. நுனியில் உள்ள மெல்லிய பிளவு ஒரு மைக்ரோலிட்டருக்கும் குறைவான ரத்தத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும். உள்ளே காய்ந்த என்சைம் (நொதி) பூச்சு. அதற்கு அடியில் எலக்ட்ரோடு (மின்முனை). என்சைம் குளுக்கோஸிலிருந்து எலக்ட்ரான்களை எடுக்க, ஃபெரிசயனைடு போன்ற ஒரு வேதிப்பொருள் அவற்றை எலக்ட்ரோடுக்குக் கொண்டு சேர்க்கிறது. அந்த மின்னோட்டத்தைத்தான் மீட்டர் சர்க்கரை அளவாக மாற்றிக் காட்டுகிறது.

இவ்வளவு சின்னத் துளி என்பதால் விரலில் ஒட்டியிருக்கும் பழச்சாறே எண்ணை ஏற்றிவிடும். ஸ்பிரிட் பஞ்சு அதை முழுதாக எடுக்காது. சோப்புப் போட்டுக் கழுவி, நன்றாகத் துடைத்துவிட்டுக் குத்துங்கள். ஈரம் இருந்தால் ரத்தம் நீர்த்துப்போகும். விரலைப் பிழிந்தாலும் திசுநீர் கலந்துவிடும். கையைத் தொங்கவிட்டு, நுனியின் பக்கவாட்டில் குத்தினால் ரத்தம் தானே வரும்.

அடுத்தது ஸ்ட்ரிப் டப்பா. அதில் ஈரம் உறிஞ்சும் பொருள் இருக்கிறது. மூடியைத் திறந்தே வைத்தால் காற்றின் ஈரம் என்சைம் பூச்சைக் கெடுக்கும். பெரும்பாலான ஸ்ட்ரிப்புகளுக்கு 30 டிகிரிதான் உச்சவரம்பு. நம் ஊர்ச் சித்திரை வெயிலில் காருக்குள் வைக்கவே கூடாது. ஃபிரிட்ஜும் வேண்டாம், வெளியே எடுத்ததும் வியர்க்கும். திறந்த தேதியை டப்பாவிலேயே எழுதுங்கள்.

அம்மாவுக்கு ரத்தசோகை உண்டா? சிவப்பணு குறைந்தால் மீட்டர் கூட்டிக் காட்டும். சிவப்பணு எந்த அளவில் இருந்தால் மீட்டர் சரியாக வேலை செய்யும் என்று கையேட்டில் இருக்கும். ஐகோடெக்ஸ்ட்ரின் திரவத்தில் வயிற்று டயாலிசிஸ் செய்பவர்கள் ‘ஜிடிஹெச்-பிக்யூக்யூ’ (GDH-PQQ) என்ற என்சைம் வகை ஸ்ட்ரிப்பைத் தொடவே கூடாது. ஐகோடெக்ஸ்ட்ரின் உடலில் மால்டோஸ் என்ற வேறொரு சர்க்கரையாக மாறும்; அந்த ஸ்ட்ரிப் அதையும் குளுக்கோஸாக எண்ணிவிடும். அந்த எண்ணை நம்பி இன்சுலின் போட்டால் உயிருக்கே ஆபத்து. 2009-லேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ இதை எச்சரித்தது.

சந்தேகம் தீராவிட்டால் அந்த மீட்டருக்கான கன்ட்ரோல் சொல்யூஷனை (குளுக்கோஸ் அளவு தெரிந்த சோதனைத் திரவம்) ஒரு சொட்டு வைத்துப் பாருங்கள். ஸ்ட்ரிப் டப்பாவில் அச்சிட்ட வரம்புக்கு வெளியே வந்தால் புது டப்பா திறந்து சோதியுங்கள். அப்போதும் வெளியே போனால் மீட்டரை மாற்றுங்கள்.