ஊசி நின்ற பிறகு – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

வணக்கம். புராஸ்டேட் புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்துக்கொண்டதைப் பற்றி நீங்கள் எழுதிய சிறு குறிப்பைப் படித்துவிட்டு இதை எழுதுகிறேன். எனக்கு வயது 68. மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கம்பம் ஏறிப் பழகிய உடம்பு. ஆஸ்பத்திரி வாசலையே அதிகம் மிதித்ததில்லை.

மூன்று வருடத்துக்கு முன்னால், ரத்தத்தில் பிஎஸ்ஏ (புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதம்) அதிகம் என்று பயாப்சி எடுத்தார்கள். நோய் இருக்கிறது, ஆனால் எலும்புக்குப் பரவவில்லை என்றார்கள். கதிர்வீச்சு கொடுத்தார்கள். கூடவே இரண்டு வருடம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை வயிற்றில் ஹார்மோன் ஊசி, ஆண் ஹார்மோனை அடக்குவதற்கு. கடைசி ஊசி போட்டு ஏழு மாதம் ஆகிறது. பிஎஸ்ஏ 0.1க்கும் கீழே. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, “நல்லா இருக்கீங்க, ஆறு மாசம் கழிச்சு வாங்க” என்று அனுப்பிவிட்டார்.

நான் நன்றாக இல்லை ஐயா. ராத்திரி இரண்டு மணிக்கு உடம்பு கொதித்து விழிப்பு வருகிறது. பனியனைப் பிழியலாம், அவ்வளவு வேர்வை. தரையில் உட்கார்ந்தால் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. தொப்பை போட்டுவிட்டது, தொடை சூம்பிவிட்டது. மார்பு பெருத்துவிட்டது. திருச்செந்தூரில் சட்டையைக் கழற்ற வேண்டுமே என்று, குடும்பமே கிளம்பியும் ஏதோ காரணம் சொல்லி வீட்டிலேயே இருந்துவிட்டேன். பேத்தி பள்ளிக்கூடத்தில் ஆடிய வீடியோவைப் பார்த்து வாய்விட்டு அழுதேன். தாம்பத்திய நினைப்பே இல்லை; அதைப் பற்றி வீட்டில் பேசியதும் இல்லை. தினமும் காலையில் முக்கால் மணி நேரம் நடக்கத்தான் செய்கிறேன். மைத்துனர் ஒரு லேகியம் வாங்கிக் கொடுத்திருக்கிறார், இன்னும் திறக்கவில்லை. இன்னொருவர், ஆண் ஹார்மோனையே ஊசியாகப் போட்டுக்கொண்டால் என்ன என்கிறார்.

ஊசியை நிறுத்தினால் பழையபடி ஆகிவிடும் என்றுதான் சொன்னார்கள். எப்போது ஆகும்? ஆகுமா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் உங்கள் கணக்கில் ஒரு திருத்தம். ஏழு மாதம் என்கிறீர்கள். உங்களுக்குப் போட்டது மூன்று மாத ஊசி. தடித்த ஊசி வழியாக ஒரு சின்ன மருந்துக் குச்சியைத் தோலுக்கடியில் வைத்துவிடுகிறார்கள், அது அங்கேயே இருந்து மெல்லக் கரைகிறது. ஆகவே கடைசி ஊசி போட்ட நாளில் சிகிச்சை முடியவில்லை. அந்தக் குச்சி தீர்ந்த நாளில்தான் முடிந்தது. உங்கள் ஏழு மாதத்தில் மூன்று மாதம் நீங்கள் இன்னும் மருந்தில்தான் இருந்திருக்கிறீர்கள். நீங்கள் மீளத் தொடங்கி நான்கு மாதம்தான் ஆகிறது. நானும் அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவன்தான். இதை எனக்கு எந்த டாக்டரும் சொல்லவில்லை, ஊசி போட வந்த நர்ஸம்மா சொன்னார்.

மருந்து தீர்ந்தபின்னும் ஏன் இவ்வளவு இழுக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மூளையின் அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பிக்கு மேலிருந்து விட்டுவிட்டு ஒரு சமிக்ஞை வரும். அது வரும்போதெல்லாம் பிட்யூட்டரி விதைகளுக்குச் சொல்லி அனுப்ப, விதைகள் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைச் சுரக்கும். நம் ஊசி அந்தச் சமிக்ஞையின் நகல். ஆனால் விட்டுவிட்டு வராது, இடைவிடாமல் வரும். காலிங் பெல்லை யாரோ கையெடுக்காமல் அழுத்திக்கொண்டே நின்றால் வீட்டுக்காரன் என்ன செய்வான்? வயரைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வான். பிட்யூட்டரியும் அதைத்தான் செய்கிறது. மருந்து தீர்ந்ததும் முதலில் அது விழிக்க வேண்டும். பிறகு, இரண்டு வருடம் வேலையில்லாமல் சுருங்கிக் கிடந்த விதைச் செல்கள் விழிக்க வேண்டும். ஆறு மாதச் சிகிச்சை எடுத்தவர்களுக்கு இது சீக்கிரம் நடக்கிறது. இரண்டு, மூன்று வருடம் எடுத்தவர்களுக்கு ஒரு வருடம், இரண்டு வருடம் என்று நீள்கிறது. அறுபத்தைந்தைத் தாண்டியவர்களில் பழைய அளவுக்குத் திரும்பாதவர்களும் இருக்கிறார்கள். “ஆகுமா?” என்ற உங்கள் கேள்விக்கு உண்மையான பதில் இதுதான்: பெரும்பாலும் ஓரளவு ஆகும், முழுக்க ஆகும் என்று யாரும் எழுதிக் கொடுக்க முடியாது.

இதை ஊகித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். அடுத்த முறை பிஎஸ்ஏவுக்கு ரத்தம் கொடுக்கும்போது டெஸ்டோஸ்டிரோனையும் பார்க்கச் சொல்லுங்கள். காலை பத்து மணிக்குள் கொடுங்கள், நாள் போகப் போக அதன் அளவு இறங்கும். சாதாரணமாக ஆண்களுக்கு டெசிலிட்டருக்கு 300 நானோகிராமுக்கு மேல் இருக்க வேண்டும். சிகிச்சையின்போது அதை 50க்கும் கீழே அமுக்கி வைத்திருப்பார்கள். நீங்கள் இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரிந்தால் பாதி குழப்பம் தீரும். பிஎஸ்ஏ நோயைப் பற்றிச் சொல்கிற எண். உங்கள் டாக்டர் அதைப் பார்த்துத்தான் “நல்லா இருக்கீங்க” என்றார். உங்கள் தொடையைப் பற்றி அந்த எண்ணுக்கு ஒன்றும் தெரியாது.

எப்போது திரும்பும் என்று கேட்க முடிவதே ஒரு கொடுப்பினை என்பதையும் சொல்ல வேண்டும். ஆண் ஹார்மோனை நிறுத்தினால் இந்தப் புற்றுநோய் சுருங்கும் என்று 1941ல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் காட்டினார்; 1966ல் அதற்காக நோபல் பரிசு கிடைத்தது. அவர் நிறுத்திய வழி விதைகளை அறுவை செய்து எடுப்பது. நம் ஊரிலும் இன்றும் அது நடக்கிறது. ஒரே தடவையில் முடியும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஊசிக்குப் பணம் புரட்ட வேண்டியதில்லை. ஏழைகள் பலருக்கு அதுதான் கட்டுப்படியாகிறது. அவர்களுக்குத் திரும்புதல் என்பதே கிடையாது. நோய் எலும்புக்குப் பரவியவர்களுக்கும் பெரும்பாலும் ஆயுள் முழுக்க ஊசிதான். உங்களிடம் நிறுத்தச் சொன்னார்கள் என்றால், நோயைக் குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் சிகிச்சை கொடுத்தார்கள் என்று பொருள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எனக்குத் தெரிந்து இந்த ஊசியை முடித்தவர்களில் பலர், ஹார்மோன் வரட்டும், வந்ததும் உடம்பு தானாகத் தேறிவிடும் என்று காத்திருக்கிறார்கள். உங்கள் கடிதத்திலும் அந்தத் தொனி இருக்கிறது. சில தொந்தரவுகள் அப்படித் தானாகப் போகும். ராத்திரி வேர்வை அந்த வகை. ஹார்மோன் ஏற ஏற அது குறையும். அதுவரை மாலைக்குமேல் சூடான காபியையும் காரத்தையும் குறையுங்கள். தாங்க முடியாவிட்டால் டாக்டரிடம் கேளுங்கள், அதற்கென்றே மாத்திரை உண்டு. எனக்கு இது வந்தபோது என் மனைவி அலட்டிக்கொள்ளவே இல்லை. “இதெல்லாம் நான் பத்து வருஷம் முன்னாடியே பாத்தாச்சு. தலைமாட்டுல ரெண்டு துண்டும் ஒரு பனியனும் வெச்சுக்கிட்டுப் படுங்க” என்றாள். உங்கள் வீட்டிலும் இந்த விஷயத்தில் உங்களைவிட அனுபவசாலி ஒருவர் இருக்கிறார். அவரிடம்தான் நீங்கள் ஒன்றும் பேசாமல் இருக்கிறீர்கள்.

தொடைச் சதையும் எலும்பும் வேறு வகை. ஹார்மோன் திரும்பினாலும் போன சதை தானாக வந்து ஒட்டிக்கொள்ளாது. ஹார்மோன் திரும்பாமலே அதை மீட்கவும் முடியும். ஆஸ்திரேலியாவில் பெர்த் நகரிலுள்ள எடித் கோவன் பல்கலைக்கழகத்தார் 2010ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். இதே ஹார்மோன் சிகிச்சையில் அப்போது இருந்துகொண்டிருந்த 57 பேர். அவர்களில் ஒரு பாதியினருக்கு 12 வாரம் எடை தூக்கும் பயிற்சியும் நடை, சைக்கிள் போன்ற பயிற்சியும் கொடுத்தார்கள். டெஸ்டோஸ்டிரோன் தரைமட்டத்தில் கிடக்கும்போதே அவர்களுக்குச் சதையும் பலமும் கூடின. மருந்து உள்ளே இருக்கும்போதே முடியுமென்றால், நிறுத்தி நான்கு மாதமான உங்களால் ஏன் முடியாது?

நீங்கள் நடக்கிறீர்கள், நல்லது. இதயத்துக்கும் சர்க்கரைக்கும் அது வேண்டும். ஆனால் சமதரையில் நடப்பதால் தொடை பருக்காது. சதைக்குப் பாரம் வேண்டும். கம்பம் ஏறிய உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. கை வைக்காத, ஆடாத ஒரு மர நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். கைகளை மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு உட்கார்ந்து எழுங்கள். கீழே போகும்போது பொத்தென்று விழாமல், மெதுவாக, பிருஷ்டம் பலகையைத் தொட்டதும் எழ வேண்டும். முதல் வாரம் ஐந்தாறு தடவைக்குமேல் முடியாது, தொடை நடுங்கும். அந்த நடுக்கம்தான் நமக்கு வேண்டியது. வாரத்தில் மூன்று நாள் போதும். அது சுலபமானதும் கையில் தண்ணீர் பாட்டிலோடு செய்யுங்கள். கைக்கும் முதுகுக்கும் ரப்பர் பட்டை வைத்து என்ன செய்யலாம் என்று ஒரு பிசியோதெரபிஸ்டிடம் ஒரே ஒருமுறை போய்க் கற்றுக்கொண்டு வாருங்கள்.

பாரம் தூக்கத் தொடங்குமுன் எலும்பு அடர்த்திக்கு டெக்ஸா ஸ்கேன் எடுத்துவிடுவது நல்லது. இரண்டு வருட ஹார்மோன் சிகிச்சையில் எலும்பு கரைவது வெளியே தெரியாது, வலிக்காது. குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு முறிந்தபிறகுதான் பலருக்குத் தெரியவருகிறது. வைட்டமின் டி, சர்க்கரை, கொழுப்பு, ஹீமோகுளோபின் எல்லாவற்றையும் சேர்த்தே பார்த்துவிடுங்கள். ஆண் ஹார்மோன் குறைந்தால் ரத்தச் சிவப்பணு உற்பத்தியும் குறையும், உங்கள் அசதியில் ஒரு பங்கு அதுவாக இருக்கலாம். கேழ்வரகு, எள், தயிர், நெத்திலி என்று நம் சாப்பாட்டிலேயே கால்சியம் இருக்கிறது. எலும்புக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை டெனோசுமாப் ஊசி எழுதிக் கொடுத்தால், அதற்குமுன் பல் டாக்டரைப் பார்த்துவிடுங்கள். அதை இஷ்டத்துக்குப் பாதியில் நிறுத்தவும் கூடாது. நிறுத்தினால் முதுகெலும்பு நொறுங்கும் அபாயம் உண்டு.

மார்பு விஷயத்தில் பொய் நம்பிக்கை தர மாட்டேன். புதிதாக வந்த வீக்கம் அமுங்கும். ஒரு வருடத்துக்குமேல் நின்றுவிட்டால் உள்ளே நார் போலக் கெட்டிப்பட்டுவிடும், அதன்பின் ஹார்மோன் வந்தாலும் அவ்வளவாகக் குறையாது. மனதை மிகவும் உறுத்தினால் சிறிய அறுவை சிகிச்சை உண்டு. ஒரு பக்கம் மட்டும் கட்டியாக இருந்தால் தள்ளிப்போடாமல் காட்டுங்கள். இன்னொன்று, தொப்பையும் மார்பும் உள்ள அறுபது வயது ஆண்கள் திருச்செந்தூர் பிரகாரத்தில் நூற்றுக்கணக்கில் நடந்துகொண்டிருக்கிறார்கள். அவர்களில் யார் ஊசி போட்டவர், யார் பரோட்டா சாப்பிட்டவர் என்று முருகனைத் தவிர யாருக்கும் தெரியாது.

அழுகைக்கும் ஹார்மோனுக்கும் சம்பந்தம் உண்டு. பேத்தி ஆடுவதைப் பார்த்து அழுவது ஒரு நோயும் இல்லை. ஆனால் எதிலும் பிடிப்பில்லாமல், விடிகாலையில் விழித்துப் படுக்கையிலேயே கிடக்கும் நாட்கள் வாரக்கணக்கில் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பாருங்கள். மின்வாரியக்காரர் மனநல மருத்துவரிடம் போகக்கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை.

தாம்பத்தியத்தில் இரண்டு விஷயங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள். ஆசை, ஹார்மோனோடு திரும்பி வரும். விறைப்பு, கதிர்வீச்சு அங்குள்ள ரத்தக்குழாயையும் நரம்பையும் என்ன செய்தது என்பதைப் பொறுத்தது. அதற்கு சில்டெனாஃபில் மாதிரி மாத்திரைகள் உண்டு, டாக்டர் சீட்டோடு. நெஞ்சுவலிக்கு நாக்குக்கடியில் சார்பிட்ரேட் வைப்பவர் என்றால் அதைத் தொடவே கூடாது, ரத்த அழுத்தம் ஒரேயடியாக இறங்கி உயிருக்கே ஆபத்து. மைத்துனர் தந்த லேகியத்தைத் திறக்க வேண்டாம் என்பதற்கும் இதுவே முதல் காரணம். ‘மூலிகை’ என்று விற்ற ஆண்மைச் சரக்குகளில் இதே சில்டெனாஃபிலைக் கலந்திருந்தது ஆய்வகச் சோதனைகளில் பலமுறை பிடிபட்டிருக்கிறது. இரண்டாவது காரணம், டெஸ்டோஸ்டிரோனை ஏற்றுகிறோம் என்று சொல்லி விற்கும் எதுவானாலும், அதைத் தீர்மானிக்க வேண்டியவர் உங்கள் புற்றுநோய் டாக்டர், விற்பவர் அல்ல. ஹார்மோன் ஊசி யோசனை சொன்ன நண்பருக்கும் இதே பதில். இரண்டு வருடம் எதைப் பட்டினி போட்டோமோ அதற்கு நாமே கூப்பிட்டு விருந்து வைப்பதா? சிலருக்கு டாக்டர்களே கண்காணிப்போடு அதைக் கொடுப்பது உண்டு. உங்களுக்கு இப்போது அந்தக் கேள்வியே எழவில்லை, இன்னும் அளந்தே பார்க்கவில்லையே.

கடைசியாக ஒன்றை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன், அப்புறம் பதறிக்கொண்டு இன்னொரு கடிதம் போடாதீர்கள். டெஸ்டோஸ்டிரோன் திரும்பும்போது பிஎஸ்ஏவும் சற்று ஏறும். உங்களுக்குப் புராஸ்டேட் சுரப்பியை அறுத்து எடுக்கவில்லை, கதிர்வீச்சுதான் கொடுத்திருக்கிறார்கள். மிச்சமிருக்கும் நல்ல திசுவும் ஹார்மோனைக் கண்டால் கொஞ்சம் பிஎஸ்ஏ சுரக்கும். 0.1 என்பது 0.4 ஆனதும் நோய் திரும்பிவிட்டது என்று முடிவுகட்ட வேண்டாம். கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கு, இறங்கிய மிகக் குறைந்த அளவிலிருந்து 2 கூடினால்தான் நோய் திரும்பியதாகப் பொதுவாகக் கணக்கு வைக்கிறார்கள். அதற்குள் கிடுகிடுவென்று ஏறினால் டாக்டரே கவனிப்பார். பழைய ரிப்போர்ட்டுகளைத் தேதிவாரியாக ஒரு ஃபைலில் போட்டு, டெஸ்டோஸ்டிரோன் எண்ணையும் பக்கத்தில் குறித்து எடுத்துக்கொண்டு போங்கள். ஒற்றை எண்ணைப் போட்டோ எடுத்துக் குடும்ப வாட்ஸப் குரூப்பில் போட்டுவிடாதீர்கள். மைத்துனரும் அதில் இருப்பார்.